இரண்டு நீலக் கம்பிகள்

இப்போதெல்லாம் யாரும் ஒரு பொருளை ஒரு வேலைக்கென்று வாங்குவதில்லை. போனில் டார்ச் அடிக்கிறான். கையில் கட்டுகிற கடிகாரம் எத்தனை அடி நடந்தாய் என்று கணக்குச் சொல்கிறது, மணி என்ன என்று பார்த்தால் சார்ஜ் இல்லை என்கிறது. எதைக் காட்டிக் கேட்டாலும் "இது எல்லாம் செய்யும்" என்று ஒரே பதில். எல்லாம் செய்யும் என்று சொல்லப்பட்ட எதுவும் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை. மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான்.

அன்று சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை எங்கள் சலவைக் கடையின் பெரிய மெஷினுடைய தலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அதன்மேல் தன்னுடைய விளையாட்டுப் பெட்டியை வைத்தார். பெட்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான், அதைப்போலவே திறந்து மூடும். மேல்பாதியில் சின்னத் திரை. கீழ்ப்பாதியில் எறும்புக்காகச் செய்ததுபோல எழுத்துப் பொத்தான்கள், ஓரத்தில் கூட்டல் குறி மாதிரி ஒன்று, கட்டைவிரலால் நகர்த்துகிற குமிழ் இரண்டு. அதன் முதுகிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் இறங்கி, ரிலே என்கிற தானியங்கிச் சுவிட்சு எட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த ஒரு பச்சைப் பலகைக்குப் போனது. அங்கிருந்து கத்தை கத்தையாக ஒயர்கள் மெஷினின் வயிற்றுக்குள் நுழைந்தன. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஆளுக்குக் குழாய் சொருகியதுபோல இருந்தது.

"கேம் ஆடுற சாமான வச்சு அறுபது பேரோட பெட்ஷீட்ட துவைக்கப் போறோமாம்" என்றேன், யாரிடமும் சொல்லாமல் பொதுவாக.

"தோத்துட்டா மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்ங்க" என்றான் இஸ்திரி போடுகிறவன். அவனை எல்லாரும் ஆவி என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருஷமாக நீராவிக்குள்ளேயே நிற்கிறான், பாதி உடம்புதான் கண்ணுக்குத் தெரியும்.

என் மகள் சிரிக்கவில்லை. அழுக்கு விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மெஷினின் பலகை செத்துவிட்டது. பதினெட்டு வருஷம் உழைத்த மெஷின். அந்தப் பலகைதான் அதற்கு மூளை. தண்ணீர் விடு, சுற்று, திருப்பிச் சுற்று, வடி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது அதுதான். கம்பெனி மெக்கானிக் வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான். பலகை முழுவதும் கறுப்பாகத் தார் மாதிரி ஒன்றை ஊற்றி இறுக்கி மூடியிருந்தார்கள்.

"இது இப்ப வர்றதில்லங்க. புது மெஷின்தான் எடுக்கணும்" என்றான்.

"உள்ள எது போச்சு?"

"அது எங்களுக்கே தெரியாது. இப்படி மூடித்தான் அனுப்புவாங்க."

புது மெஷின் எங்கள் கைக்கு எட்டாது. கடைக்கு வருகிற துணியில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து வருகிறது, முதியோர் இல்லம், அறுபது கட்டில். அந்த இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா புதன்கிழமை ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஒரு தடவை போன் செய்துவிட்டார். மரியாதையான பேச்சுதான். "சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஒரு செட் வந்தே ஆகணும்மா. இல்லன்னா திங்கள்லேர்ந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற லாண்டரிக்குக் குடுக்க வேண்டியதா போயிடும். வயசானவங்கள ஈரத்துல போட்டு வைக்க முடியாதில்ல?" முடியாதுதான். திங்கட்கிழமை அங்கே போய்விட்டால் துணி திரும்பி வராது. துணி வராவிட்டால் கடை இல்லை. இது மகளுக்குத் தெரியும், ஆவிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு மட்டும்தான் ஏதோ புதிர்ப் போட்டி மாதிரி முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர் வேலை பார்த்த அலுவலகம், ஐந்து மாதத்துக்கு முன்னால் அவருடைய பிரிவையே மூடிவிட்டது. அன்றிலிருந்து இந்தப் பெட்டி அவர் கையை விட்டு இறங்கவில்லை. நாற்பத்திரண்டு வயது ஆள். ஆடுவதாவது ஆடித் தொலைக்கட்டும் என்று பார்த்தால், ஆடுவதும் இல்லை. திறந்து உள்ளே எதையோ எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அது என்னதான் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் சொன்னார்.

இதற்குள் ஓடுகிற மென்பொருள் லினக்ஸாம். அது யாருக்கும் சொந்தமில்லையாம். எல்லாருக்கும் சொந்தமாம். யார் வேண்டுமானாலும் உள்ளே கைவைத்து மாற்றலாமாம். இதற்கு ஒருவன் தொலைக்காட்சியை மாட்டியிருக்கிறானாம். ஒருவன் இதை வைத்து நட்சத்திரம் பார்க்கிற குழாயைத் திருப்புகிறானாம், இன்னொருவன் சங்கீதம் போடுகிறானாம். இரண்டு மெமரி கார்டு போடலாம், ஒன்றில் விளையாட்டு, ஒன்றில் முழுக் கம்ப்யூட்டர். பின்னால் ஒரு ஓட்டை இருக்கிறது, அதில் சரியான கம்பியைச் சொருகினால் வெளியே இருக்கிற எதனோடும் பேசுமாம். எந்தக் கம்பி என்று எப்படித் தெரியும் என்றேன். செய்தவர்களே படம் போட்டு ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

"பூட்டு செய்யறவன் சாவியோட படத்த ஊருக்குக் குடுப்பானா மாப்பிள்ள?"

"இது பூட்டு இல்ல மாமா."

"பூட்டே இல்லன்னா அதுக்கு யாரு பொறுப்பு? நாளைக்குக் கெட்டுப்போச்சுன்னா யார் சட்டையப் பிடிக்கறது?"

"பூட்டுன பலகை கெட்டப்ப யார் சட்டையப் பிடிச்சீங்க?" என்று கேட்டது மாப்பிள்ளை இல்லை. அவருக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. இது புதன்கிழமை, நான் அதையே மறுபடி சொன்னபோது என் மகள் கேட்டது. அன்றைக்குத்தான் மாப்பிள்ளை, இந்தப் பெட்டியையே மெஷினுக்கு மூளையாக வைத்துப் பார்க்கட்டுமா என்று ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்றேன். மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு மானமாகக் கடையை மூடலாம் என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "நீங்க செய்யுங்க" என்றாள். என் கடையில், என் மெஷினில்.

அவருக்கு யோசனை சொன்னது யார் என்று கேட்டால் இன்னும் எரிச்சல் வரும். முகம் தெரியாத ஒருவன். இங்கே பகலாக இருக்கும்போது அங்கே ராத்திரியாக இருக்கிற ஏதோ ஒரு தேசத்தில் இருக்கிறான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தவளைப் படம். அவனிடமும் இதே பெட்டி இருக்கிறதாம், அதை வைத்து மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுகிறானாம். எந்த ஒயர் எதற்கு என்று நாலு பக்கம் எழுதி அனுப்பியிருந்தான்.

"அவனுக்கு என்ன லாபம்?"

"ஒண்ணும் இல்ல மாமா. அவன்கிட்டயும் இது இருக்கு. அவ்வளவுதான்."

"சும்மா எவனும் நாலு பக்கம் எழுத மாட்டான்."

"தவளைக்குத் தண்ணி விஷயம்னா ஒரு அக்கறை இருக்கும்ல" என்றான் ஆவி.

ஆனால் தவளைக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இந்த மெஷின் எந்த வரிசையில், எத்தனை நிமிஷம், என்ன செய்யும் என்று எழுதிய புத்தகம் எதுவும் கிடையாது. கம்பெனிக்காரன் கொடுக்கவில்லை. அது என் காதில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பதினெட்டு வருஷம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கடையை மகளிடம் கொடுத்த பிறகும் அந்த நாற்காலியைக் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை மாப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு வந்து என் முன்னால் குந்தினார்.

"சொல்லுங்க மாமா. மொதல்ல என்ன செய்யும்?"

சொன்னேன். தண்ணீர் நாலு நிமிஷம். பன்னிரண்டு நிமிஷம் இப்படியும் அப்படியும் உருட்டும். மூன்று நிமிஷம் வடியும். மறுபடி தண்ணீர், அலசல், மறுபடி மூன்று நிமிஷம் வடியும். அப்படி மூன்று அலசல். அப்புறம் வேகமாகச் சுற்றிப் பிழியும். ஒரு பிசிறு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு மெஷினுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். இது தண்ணீர் வால்வு, இது வடிகிற வால்வு, இது மோட்டார், இது தண்ணீர் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டது என்று சொல்கிற ஒயர். கடைசியில் மெல்லிசாக இரண்டு நீலக் கம்பி மிச்சம் இருந்தது.

"இது எதுக்கு மாமா?"

"அது ஒண்ணும் இல்ல. கம்பெனிக்காரன் சும்மா விட்டது. தொடாதீங்க."

அவர் தொடவில்லை. நுனியில் டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

இப்படியாகச் சனிக்கிழமை வந்தது. முதலில் கந்தலைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். நேரமில்லை என்றாள் மகள். மூன்று தடவையாகப் போட்டால்தான் அறுபது பேருக்கும் ஆகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம், அப்புறம் காயவைத்து இஸ்திரி போட்டு அஞ்சு மணிக்குள் வண்டி ஏற்ற வேண்டும். முதல் இருபது விரிப்பையும் உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினாள். மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். விளையாட்டில் பூனை குதிக்கிற மாதிரி பெட்டியில் ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் வந்தது.

நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்கு அந்த மெஷினை ஒரு விரலாலும் தொடுவதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். ஜெயித்தாலும் தோற்றாலும் அது அவர்களுடையதாகவே இருக்கட்டும். நாற்காலியில்கூட உட்காரவில்லை. சுவரோரமாக நின்று பார்த்தேன். தண்ணீர் நாலு நிமிஷம், சரி. உருட்டல் பன்னிரண்டு நிமிஷம், அதுவும் சரி. சின்னத் திரையில் ஒரு வட்டம் வரைந்து அதற்குள் நுரைபோலப் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வேலைக்கு நடுவே படம் வேறு. முதல் தண்ணீர் வடிந்தது. ஒரு அலசல் முடிந்தது. இரண்டும் முடிந்தது. மகளின் தோள் கொஞ்சம் கீழே இறங்கியதைப் பார்த்தேன்.

மூன்றாவது அலசல் முடிந்து வடிய வேண்டிய நேரத்தில் ரிலே டிக் என்றது. பிறகு மூன்று நிமிஷம் எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் மெஷின் பிழிய ஆரம்பித்தது.

தண்ணீர் முழுக்க உள்ளேயே இருந்தது. இருபது விரிப்பும் ஒரு தொட்டித் தண்ணீரும் சேர்ந்து வேகமாகச் சுற்றினால் என்ன ஆகும்? தரை அதிர்ந்தது. அலமாரியில் இருந்த சோப்புத்தூள் டப்பா நடந்துபோய் விழுந்தது. அவ்வளவு பெரிய மெஷின் போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சாண் முன்னால் வந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று மகள் கத்தினாள். மெஷின் தலையில் இருந்த பெட்டி ஒயரோடு தொங்கியது. மாப்பிள்ளை அதைத் தாவிப் பிடித்து ஏதோ ஒன்றை அழுத்தினார். எல்லாம் நின்றது. திரையில் அந்த வட்டம் மட்டும் இன்னும் சிரத்தையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எல்லாம் செய்யும்னீங்களே மாப்பிள்ள" என்றேன். "நடக்கவும் செய்யுது."

அவர் முகம் வெளுத்துப்போய் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "நீங்க சொன்ன நேரந்தான் மாமா. மூணு நிமிஷம். வால்வுக்குச் சொல்லியாச்சு. அது திறக்கல."

"நான் சொன்னது பதினெட்டு வருஷம் நடந்தது. உங்க தவளைகிட்ட கேளுங்க."

மணி ஒன்பதே கால். மகள் மெஷினின் இடது பக்கமாகப் போய், எதையோ பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க இன்னைக்குத் தட்டலயே."

அந்த இடத்தில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, பெயிண்ட் போய்த் தகரம் பளபளவென்று இருக்கிறது. உள்ளங்கை அளவு. என் உள்ளங்கை அளவு. மூன்றாவது அலசல் முடிந்ததும் அங்கே ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன். தட்டினால் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கும். என்றைக்கு ஆரம்பித்தேன் என்று ஞாபகம் இல்லை. கொட்டாவி விட்டால் வாயில் கை போகிற மாதிரி, அந்த நேரம் வந்தால் கை தானாகப் போகும். பேசிக்கொண்டே தட்டுவேன், தினத்தாள் படித்துக்கொண்டே தட்டுவேன். அதை ஒரு வேலை என்று நினைத்ததே இல்லை.

"எனக்குந்தான் தோணல" என்றாள் மகள். "அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரலயே, அப்ப நான் தட்டியிருக்கேன்."

"நான்கூட ரெண்டு தடவ" என்றான் ஆவி. "கால்ல."

"காலாலயா?" என்றேன்.

மாப்பிள்ளை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டவில்லை. "தட்டலன்னா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது. தண்ணியோட அப்படியே நிக்கும். நம்ம தட்டற வரைக்கும் நிக்கும்" என்றாள் மகள்.

"நிக்குமா? பிழிய ஆரம்பிக்காதா?"

"இல்ல. நிக்கும்."

"அப்ப உள்ள தண்ணி இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்து, டேப் சுற்றி ஒதுக்கி வைத்திருந்த அந்த இரண்டு நீலக் கம்பிகளையும் வெளியே எடுத்தார். டேப்பைப் பிரித்து, கரண்ட் ஓடுகிறதா என்று காட்டுகிற மீட்டரை வைத்துப் பார்த்தார். ஆவி வடிகிற வால்வின்மேல் ஒரு தட்டு தட்டினான், இந்தத் தடவை கையால். தண்ணீர் இறங்கியது. கடைசிச் சொட்டு போனதும் மீட்டர் கீச்சென்று கத்தியது. தொட்டி காலி என்று சொல்கிற கம்பி.

அந்தத் தார் பூசிய பலகை பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் நிமிஷம் எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை அது.

மாப்பிள்ளை மெஷினின் முன்னால் சப்பணம் போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த எறும்புப் பொத்தான்களை இரண்டு கட்டைவிரலாலும் குத்த ஆரம்பித்தார். நீலக் கம்பியைப் பச்சைப் பலகையில் ஒரு மூலையில் இறுக்கினார். ஆவியும் நானும் கடப்பாரை போட்டு மெஷினை இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்தினோம். தொடுவதில்லை என்று இருந்தேன், வேறு வழியில்லை. மகள் விரிப்புகளை எடுத்துக் கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். கிழியவில்லை. வாசலில் போன் அடித்தது. இல்லத்து அம்மா. "ஆமாங்கம்மா, ஓடிக்கிட்டிருக்கு" என்று மகள் பொய் சொன்னதைக் கேட்டேன். அவளுக்குப் பொய் வராது.

பத்தரை மணிக்கு மறுபடி பூனை குதித்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர், உருட்டல், வடிதல். முதல் அலசல். இரண்டாவது. எனக்கு முன்னால் மாப்பிள்ளையின் முதுகு. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஐந்து மாதமாக இந்த ஆளைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அப்படி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோம்பேறிக்கு முதுகு இப்படி வேர்க்காது.

மூன்றாவது அலசல் முடிந்தது. என் கை எழுந்தது.

"வேணாம் மாமா" என்றார், திரும்பாமலே. "கொஞ்சம் பொறுங்க."

ரிலே டிக் என்றது. தண்ணீர் இறங்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துவரை எண்ணியிருப்பேன். திடீரென்று உள்ளே வால்வு படபடவென்று அடித்துக்கொண்டது. மூடித் திறந்து, மூடித் திறந்து, மூடித் திறந்து. கோழி சிறகு அடிப்பதுபோல. குபுகுபுவென்று தண்ணீர் இறங்கியது. முழுவதும் இறங்குகிறவரை மெஷின் அசையாமல் நின்றது, பழைய பலகை நின்ற மாதிரியே. அப்புறம்தான் பிழிய ஆரம்பித்தது. மெதுவாக, பிறகு வேகமாக, தரை கொஞ்சமும் ஆடாமல்.

"இது அப்பாவோட தட்டு" என்று மகள் சொன்னாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, விரிப்பால் முகத்தைத் துடைத்தாள். "அதுக்குள்ள எழுதிட்டீங்களா?"

"மூணு வரி. மெஷின் போட்ட ஆட்டத்த பாத்தா பெருசா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் மாப்பிள்ளை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "தவளைக்கும் அனுப்பி வைக்கறேன் மாமா. அவனுக்கும் வால்வு மாட்டிக்குதாம்."

என்னுடைய தட்டு. எந்தத் தேசத்திலோ, மீன் தொட்டிக்கு.

"என்னக் கேட்டீங்களா?" என்றேன்.

"அனுப்பட்டுமா?"

"வால்வ கழட்டிச் சுத்தம் பண்ணணும். இப்படி அடிச்சுக்கிட்டே இருந்தா எத்தன நாளைக்குத் தாங்கும்? சார்ஜ் போனா என்ன செய்வீங்க? அது மேல தண்ணி தெறிச்சா? விக்கிறவனே நாளைக்கு இதையும் செய்யறதில்லைன்னா?" என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற ஆளைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இரண்டாவது இருபதை மகள் உள்ளே திணித்தாள். ஆவி இஸ்திரி மேசையை நனைத்துச் சூடு பார்த்தான், அவன் தலை நீராவிக்குள் போய்விட்டது. அஞ்சு மணிக்குள் ஆகுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இந்த இரண்டாவது ஓட்டத்தில் மூன்றாவது அலசல் வருகிறவரை இருந்தால் கை மறுபடி எழும். அப்போதும் திரும்பாமலே "வேணாம் மாமா" என்று அவர் சொல்ல வேண்டாம்.

தெரு முனையில் மூடிக்கிடக்கிற ஒரு கடை வாசலில் நிழலுக்காக நெடுநேரம் நின்றேன். வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பியபோது, நடந்துகொண்டே அதன் இரும்புக் கதவில் ஓங்கி ஒரு தட்டு தட்டியிருக்கிறேன். எதிரே வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. உள்ளங்கை சுரீரென்றது. நாலு அடி வைப்பதற்குள் பின்னால், எங்கள் கடைப் பக்கமிருந்து, சாக்கடையில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. வெள்ளையாக, நுரையோடு, எனக்குப் பக்கமாக வந்து, என்னைத் தாண்டி, முன்னால் ஓடியது.

மெஷின் ஒரு நாள் ஓடினால் ஆயிற்றா? நான் வேகத்தைக் கூட்டாமல் நடந்தேன்.